தொட்டிக்கு அடியில்

டெட்லஃப் மதுக்கடையில்
கிளாஸ் கழுவும் தொட்டிக்கு அடியில்
மல்லாந்து கிடக்கிறேன்.
மூக்குக்கு ஒரு சாண் மேலே ஒழுகும் குழாய்.
பல்லிடுக்கில் டார்ச்.
பேச வழியில்லை.

பலகைக்கு அந்தப் பக்கம் நாலு பேர்,
எட்டுப் பேர் சத்தம்.
கல்லூரி தொடங்கிய நாள் முதலாக
நம் பிள்ளைகள் ஆடியதில்
எந்த ஒரு நொடி பெரிய நொடி?
வெளியே வடக்கு டகோட்டா,
பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
கார் கிளம்புமோ கிளம்பாதோ,
அதனால் எவருக்கும் வீட்டு ஞாபகம் இல்லை.

வெண்டல் ப்ரஸ் மேசையைக் குத்துகிறான்:
லவோன் ஷ்மிட்கே பாதி மைதானத்திலிருந்து
கூடைக்குள் போட்டாளே, அதுதான்.
மணி அடித்த பிறகு போட்டாள்.
மணிக்கு முன்பே கையை விட்டுப் போயிற்று.
நீ எங்கே பார்த்தாய்? அன்று ராத்திரி
உன் பசு கன்று போட்டது.
ரேடியோவில் கேட்டேன்.
ரேடியோவில் கையா தெரியும்?

கோர்டி ஹால்வர்சனுக்கு ஐஸ் ஹாக்கி:
கோல்காப்பவன் ஸ்டென்ஸ்ருட்
கடைசி அடியை வாயால் தடுத்தான்.
பனியில் இரண்டு பல்.
ஒன்றைக் கழுவிக் கோப்பைக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள்,
குலுக்கினால் இன்றும் சத்தம் கேட்கும்.
இன்னொன்று?
இன்னொன்றை அவனே விழுங்கிவிட்டான்.

ஆர்லீன் துணியைத் தோளில் போடுகிறாள்.
எல்லாம் சரி,
அந்தப் பொய் உதை?

ஒரு நிமிடம்
என் மேல் சொட்டும் தண்ணீர் மட்டும்தான் பேசியது.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில்.
கோச் பக்ஹோல்ட்ஸ் மூன்று வாரம்
வைக்கோல் கொட்டகைக் கதவைச் சாத்திப் பழக்கினாராம்.
எக்மன் என்றொரு பையன்
மண்டியிட்டுப் பந்தை நிறுத்துவதுபோல் நிறுத்தி
உதைப்பவன் ஓடி வர வர
அள்ளிக்கொண்டு பறந்தானாம்.
எதிரணி பதினொரு பேரும் வாயைப் பிளந்தார்களாம்.
முப்பத்தெட்டு கெஜமாம்.

பதினொரு கெஜம்.
நான் ஓடியது பதினொன்று.
போன வருஷம் வேறொரு கடையில்
வெந்நீர்த் தொட்டி மாற்றும்போது இருபத்தாறு இருந்தது.
இன்னொரு சுற்று பீர் வந்தால்
பக்கத்து மாவட்டத்தில் போய் விழுவேன்.

எக்மனும் இல்லை, எக்லண்ட்.

பந்து வந்தது.
விரல்கள் என்னுடையவையாக இல்லை,
யாரோ குளிர்பெட்டியில் மறந்துவிட்ட விரல்கள்.
நழுவியது. உருண்டது. அமுக்கினேன்.
நிமிர்ந்தால்
காலை ஓங்கியபடி டல்லிஸ் வான்,
உதைக்கப் பந்து இல்லாமல்,
என் தலையையே பார்க்கிறான்.
அந்த முகத்துக்குப் பயந்துதான் ஓடினேன்.
கோட்டோரத்தில் கோச் கத்தியதும் கேட்டது:
விழுடா! விழுந்து தொலைடா!

அன்று சாயங்காலம் பத்திரிகைக்காரனிடம்
மூன்று வாரம், கொட்டகை, கதவு என்று
அவர் சொல்லச் சொல்லப்
பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.
எனக்கு வயது இருபது.
அந்த வருஷம் அவரை வேலையை விட்டுத் தூக்குவதாக இருந்தார்கள்.
இப்போது மைதானத்துக்கே அவர் பெயர்.

ஆர்லீன் குனிகிறாள்.
அவளுக்கு நான் முப்பது மைல் தள்ளியிருந்து வந்த
இரண்டு பூட்ஸ், ஒரு தொப்பை.
பிளம்பரே, நீங்கள் எந்தப் பக்கம்?

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தேன்.
நாக்கில் இரும்பு ருசி.

பல், என்றேன்.

கோர்டி கூரை அதிரக் கத்தினான்.
என் கணக்கில் ஒரு பீர் எழுதச் சொன்னான்,
இல்லை, தன் கணக்கில்.
வெண்டல் என் பூட்ஸைப் பார்த்துச் சொன்னான்:
ஆட்டம் பார்த்திராத ஆள், பாவம்.

பில்லில் பெயரைப் படித்தாள் ஆர்லீன்.
எக்மன் உறவா?
இல்லை, எக்லண்ட்.
அதானே.

வாஷர் அளவு சேரவில்லை,
நாளை வேறு கொண்டுவருகிறேன்.
அதுவரை
வாளியை நகர்த்தாதீர்கள்.